144 ஹெர்ட்ஸ் மானிட்டர் தொடர்பாக 50 ஹெர்ட்ஸ் அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: பெருமதிப்பிற்குரிய மின் பிரிவு அலுவலகம், தாம்பரத்தை ஒட்டிய தெற்குப் புறநகர்.

பொருள்: விளையாட்டுக் கணினியில் முதலில் மாற்றத் தக்கது கிராஃபிக்ஸ் கார்டா, மானிட்டரா என்பது.

பார்வை: கடந்த செவ்வாய் இரவு 9.40க்கு நேர்ந்த இருட்டும், அது பற்றிக் கேட்டபோது அலுவலகம் தொலைபேசியில் அருளிய "கேம் ஆடவா சார் கரண்ட் கேக்குறீங்க?" என்ற பதிலும்.

கிராஃபிக்ஸ் கார்டு படத்தை வரைகிறது, மானிட்டர் அதைக் காட்டுகிறது. கார்டு வினாடிக்கு எத்தனை ஃபிரேம் வரைகிறது என்பது ஒரு கணக்கு. மானிட்டர் வினாடிக்கு எத்தனை முறை திரையைப் புதுப்பிக்கிறது என்பது இன்னொரு கணக்கு. பின்னதன் பெயர் ரெஃப்ரெஷ் ரேட். ஆபீஸ் மேசையில் இருக்கும் சாதாரண மானிட்டருக்கு அது 60 ஹெர்ட்ஸ். கேமிங் என்று அட்டையில் அச்சிட்டு விற்பவை 144, 165, 180 என்று போகும். பிரிவு அலுவலகம் வழங்குவது 50 ஹெர்ட்ஸ். வழங்கும் நேரத்தில் அது சுத்தமான 50 என்பதில் எவருக்கும் ஐயமில்லை. இது தவிர அலுவலகத்துக்கென்றே தனியாக ஒரு ரெஃப்ரெஷ் ரேட் உண்டு. அது கரண்ட் போய்ப் போய் வருவது. சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம் பக்கத்து வீடுகளில் எந்தச் செலவும் இல்லாமல் கிடைப்பது அது ஒன்றுதான்.

எதை முதலில் மாற்றுவது என்பதை முடிவு செய்ய, வழக்கமாக ஆடும் விளையாட்டில் இப்போதைய கார்டு எத்தனை ஃபிரேம் தருகிறது என்று பார்த்தால் போதும். வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் போன்ற இலகுவான ஆட்டங்களில் பழைய கார்டே நூறைத் தாண்டிவிடும். எதிரே இருப்பது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால், அண்டா நிறையச் சாம்பார் வைத்துத் தேக்கரண்டியால் பரிமாறுகிற கதைதான். அங்கே மானிட்டர்தான் முதலில். புதிய கதை ஆட்டங்களில் கார்டு நாற்பதையே தொட முடியாமல் திணறினால், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் அந்தத் திணறலைத் துல்லியமாகக் காட்டும், அவ்வளவுதான். அங்கே கார்டு முதலில். இரண்டுக்கும் நடுவில், ஃபிரேம் ஏறி இறங்கும் நிலைக்கு, கார்டின் வேகத்துக்கேற்பத் தானே ஒத்துப்போகும் மானிட்டர்கள் உள்ளன. என்விடியா 2013இல் ஜி-சிங்க் என்று தொடங்கியது, ஏ.எம்.டி.யின் ஃப்ரீசிங்க் 2015இல் கடைக்கு வந்தது. 2019 ஜனவரி முதல் என்விடியா கார்டுகளும் ஃப்ரீசிங்க் மானிட்டர்களோடு பேசத் தொடங்கின. வருகிற அளவுக்கேற்ப மாறும் ரெஃப்ரெஷ் ரேட் என்னும் இந்தக் கோட்பாட்டை அதற்கும் பல்லாண்டு முன்பே தெருத்தெருவாக நடைமுறைப்படுத்திய பெருமை யாருக்கு உரியது என்று சொல்லத் தேவையில்லை.

மானிட்டர் வாங்கும்போது கவனிக்க வேண்டிய கண்ணி ஒன்று உண்டு. 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560×1440இல் சுமார் 36.9 லட்சம். 4கே என்றால் சுமார் 83 லட்சம், அதாவது நான்கு மடங்கு. அத்தனை புள்ளியையும் வரைய வேண்டியது அதே பழைய கார்டு. ஆகவே கார்டு பழையதாக இருக்கும்வரை 24 அங்குல 1080 மானிட்டரில் ஹெர்ட்ஸை மட்டும் கூட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். 30,000 ரூபாயை ஒட்டிய நடுத்தரக் கார்டு ஒன்றின் விலையில் பாதிக்குள் அது முடிந்துவிடும். (34 அங்குலத்துக்கு ஆசைப்பட்டவர்களை ஜி.எஸ்.டி. தனியாகக் கவனித்தது. 2019 முதல் 32 அங்குலம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 28. 2025 செப்டம்பர் 22 அன்றுதான் ஆடம்பரம் 33ஆவது அங்குலத்தில் பிறப்பதில்லை என்று தெரியவந்தது.) கார்டு நாலைந்து ஆண்டில் கிழடு தட்டும், நல்ல மானிட்டர் இரண்டு கார்டுகளைப் பார்த்துவிடும். ரிச்சி தெருவில் வாங்கிய மானிட்டர் பெட்டியை மின்சார ரயிலில் மடியில் வைத்துத் தாம்பரம் கொண்டுவருவதும் எளிது. கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். தண்டவாளம் வரை கரண்ட் அப்போதே ஒழுங்காக வந்துவிட்டது. அங்கிருந்து வீடுகளுக்கு வரும் வழியில்தான் ரெஃப்ரெஷ் ஆகிறது.

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். பெருங்களத்தூருக்கும் சிட்லபாக்கத்துக்கும் பொருந்துவது இனிமேல் வருவது.

கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை, கரண்ட் போன பிறகும் முழுச் சுமையில் சுமார் 16 மில்லிவினாடி தாக்குப்பிடிக்கும்படி செய்யப்படுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் அது ஏறத்தாழ ஒரே ஒரு ஃபிரேம், 144இல் இரண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்றுக்கே 20 மில்லிவினாடி ஆகும். ஆக, அலுவலகம் ஒரே ஒரு சுற்றை மறந்துபோனாலும் கணினி அணைந்துவிடக்கூடும். ஃபேன் நிற்காது, டியூப்லைட் ஒருமுறை கண்சிமிட்டும், கணினி மட்டும் முதலிலிருந்து விண்டோஸ் பாடும். லோ வோல்டேஜ் அவ்வளவு கெடுதல் இல்லை. பெரும்பாலான பவர் சப்ளைகள் 100 வோல்ட்டிலிருந்து 240 வரை விழுங்கிவிடும், ஏ.சி.தான் முனகும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரை நம்பவும் முடியாது. அதன் அலை வடிவம் இன்றைய பவர் சப்ளைகள் பலவற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. மாற்றும் நேரமும் 16 மில்லிவினாடிக்குள் அடங்கும் என்று சொல்வதற்கில்லை.

இங்கேதான் கார்டும் மானிட்டரும் வேறுபடுகின்றன. 24 அங்குல மானிட்டர் குடிப்பது 25, 30 வாட். ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ கார்டு 75 வாட், ஆர்.டி.எக்ஸ். 4070 போட்டால் 200. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.இன் கொள்ளளவே சுமார் 360 வாட்தான். சிறிய கார்டோடு அது ஆட்டத்தைச் சேமித்து மூட அவகாசம் தரும். பெரிய கார்டோடு 'கீ' என்று ஒரு சத்தம் மட்டும் தரும். இரண்டு மாத பில்லிலும் வித்தியாசம் உண்டு: தினம் நாலு மணி நேரம் ஆடினால் இரண்டு கார்டுகளுக்கும் இடையிலான அந்த 125 வாட் சேர்ந்து 30 யூனிட். 480இல் நிற்கும் வீட்டை அது 500க்கு அப்பால் தள்ளும். தள்ளினால் அந்த 30க்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறும். புதிய தலைமுறைக் கார்டெல்லாம் அதிகம் குடிக்கும் என்பதும் இல்லை. ஆர்.டி.எக்ஸ். 3060 170 வாட். அடுத்து வந்த 4060 115தான். கார்டே வாங்குவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்.

மழைக்காலம் தனி. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் நின்றபோது கரண்டை நிறுத்தியது உயிர்களைக் காக்க. இடுப்பளவு தண்ணீரில் கம்பத்தில் ஏறிய லைன்மேன்களைப் பகடி செய்ய எவருக்கும் வாய் வராது. செவ்வாய்க்கிழமை வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஒன்றே முக்கால் மணி நேரம். அந்தத் தெருவில் மறுநாள் தேர்வு எழுதும் பிள்ளைகள் இருந்தார்கள், நெபுலைசர் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கும் பெரியவர் ஒருவர் இருந்தார், இரவு ஷிஃப்ட்டில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இருந்தார்கள். கேம் ஆடியவர் ஒரே ஒருவர்தான். பில் கெடு தாண்டினால் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வருகிறது. போன ஃபியூஸைப் போட ஆள் இல்லை. கேட்டால் நக்கல். ஆட்டமோ வேலையோ, யூனிட்டுக்குக் காசு கொடுத்த பிறகு எதற்குக் கரண்ட் என்று கேட்க யாருக்கு உரிமை?

உணர்ச்சிவசப்பட்டமைக்கு மனுதாரர் சார்பில் வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. அன்று இரவு 10.50க்கு, இருட்டிலேயே, "தங்கள் புகார் சரிசெய்யப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்ததை, படம் திரைக்கு வருமுன்னே வந்துசேரும் அபூர்வமான ஃபிரேமாகக் கருதி மனுதாரர் நெகிழ்ந்தார்.

ஆகவே தெற்குப் புறநகருக்கான வரிசை வேறு. முதலில் யு.பி.எஸ்., அதுவும் எதிர்காலக் கார்டின் வாட்டையும் சேர்த்துக் கணக்கிட்டு, 1000 வி.ஏ.க்குக் குறையாமல். அதோடு ரவுட்டருக்கு ஒரு சின்ன பேக்கப். தெருமுனையில் தொங்கும் இணையப் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும் என்பதால் இது பாதித் தீர்வுதான். ஆன்லைன் ஆட்டக்காரருக்கு மீதிப் பாதியைத் தர மனுதாரரால் இயலாது. அடுத்து மானிட்டர். கார்டு கடைசியில், மார்ச்சுக்குப் பிறகு வேண்டாம். மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் 200 வாட் கார்டு என்பது மே மாதத்தில் இன்னொரு அடுப்பு, அதற்கு ஏ.சி., ஏ.சி.க்கு ஸ்டெபிலைசர் என்று நீளும்.

அலுவலகத்திடம் கோருவது மிகச் சிறிது. போகும் கரண்ட் எப்போது வரும் என்று தோராயமாக ஒரு நேரம் சொன்னால், ரேங்க் ஆட்டத்தை அதற்கேற்பத் தொடங்கலாம். அதுவும் சிரமம் என்றால், போன கரண்ட் வந்த மூன்றாம் வினாடியில் மறுபடி போகும் அந்த ஒன்றை மட்டுமாவது நிறுத்தி உதவலாம். யு.பி.எஸ்.இன் பேட்டரி, 144 ஹெர்ட்ஸுக்கு இன்னும் பழகவில்லை.

இணைப்பு: மானிட்டர் வாங்கிய பில்லின் நகல், கடைசியாகக் கட்டிய மின்கட்டண ரசீது, கெடுவுக்கு நான்கு நாள் முன்பே.