தலையருவிக்கு ஒரு லாரி ட்யூப்

என் மைத்துனனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பெயர்களை அப்படியே நம்பிவிடுவான். நார்த்தாமலையில் மேலமலைமேல் 'தலையருவிச் சிங்கம்' என்று ஒன்று இருப்பதாக யாரோ அவன் காதில் போட்டிருக்கிறார்கள். "அத்தான், பக்கத்துலயே அருவியை வச்சுக்கிட்டு எதுக்குக் குற்றாலம் போறோம்?" என்று மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வந்து நின்றான். பிள்ளைகள் இருவரும் அன்றைக்கே மாமா கட்சி. மகனுக்கு அருவி, மகளுக்குச் சிங்கம்.

நான் தடுத்திருக்க வேண்டும். புதுக்கோட்டையில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தண்ணீர் சம்பந்தப்பட்ட பெயர் எதையும் நம்பக் கூடாது என்று தெரியாதா? வெள்ளாறு என்று ஒன்று இருக்கிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது மணல். வெள்ளைக்குக் குறைவில்லை, ஆறுதான் அவ்வப்போது வந்து தலைகாட்டிவிட்டுப் போகும். மற்றபடி எங்களுக்கு ஊருணியும் கண்மாயும். ஊருணியில் கால் வைத்தால் குடிக்கிற தண்ணீர் என்று ஊரே அடிக்க வரும். கண்மாயில் எருமைகள் ஒதுங்கினால் நமக்கு இடம். இந்தப் படிப்பினையில் வளர்ந்ததால், எங்கள் வீட்டில் அம்மாவைத் தவிர ஒருவருக்கும் நீச்சல் தெரியாது.

அதற்குத்தான் மைத்துனன் லாரி ட்யூப் வாங்கி வந்திருந்தான். மலைமேல் காற்றடிக்க வழி இருக்காது என்று முன்யோசனையாகப் பஞ்சர் கடையிலேயே முழுக் காற்று அடித்துக்கொண்டான். காருக்குள் ட்யூப் நுழையாததால் அது மேலே கட்டப்பட்டது. திருச்சி சாலையில் எங்களை முந்திய மோட்டார் பைக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "என்ன சார், கடலுக்கா?" என்றார். கடல் எதிர்த்திசையில் இருந்தது.

அடிவாரத்தில் இறங்கி நடந்தோம். மலை என்றால் காடு, நிழல் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். மேலமலை ஒரே வழுக்கைப் பாறை. நகரத்தார் மலைதான் நார்த்தாமலை ஆயிற்று என்பார்கள். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது உதிர்ந்த துண்டுகள்தான் இந்தக் குன்றுகள் என்றும் ஒரு கதை உண்டு. அனுமாருக்குப் பறந்து போகிற வசதி இருந்தது. நாங்கள் மாசி வெயிலில், ஐந்தடுக்குக் கேரியரில் புளியோதரையும் தயிர்சாதமும், தூக்குவாளியில் மோரும், ஆளுக்கொரு துண்டும், முழங்கால் வலியோடு அம்மாவும், தோளில் ட்யூப்போடு மைத்துனனுமாக ஏறினோம். பாதி வழியில் அம்மா நின்றார். "தம்பி, அந்தச் சக்கரத்தை இப்படிப் போடு" என்று ட்யூப்பைக் கீழே போடச் சொல்லி, அதன்மேல் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். சுடுகிற பாறையில் அப்படியோர் ஆசனம் ராஜாக்களுக்கும் கிடைத்திருக்காது. அதற்கப்புறம் நூறடிக்கு ஒருமுறை ட்யூப் இறங்கியது, அம்மா அமர்ந்தார், பயணம் தொடர்ந்தது.

சுனை வந்தது. பாறை மடிப்பில், அசையாத தண்ணீர். "அருவி எங்கே?" என்றான் மகன். "சிங்கம் எங்கே?" என்றாள் மகள். நாங்கள் எல்லாரும் மைத்துனனைப் பார்த்தோம். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா பண்ணுறே? சாமி தலையிலயா குதிக்கப் போறே?" என்றார் அம்மா.

உண்மைதான். அந்தச் சுனைக்குள் பாறையைக் குடைந்த ஒரு சின்னச் சிவன் கோயில் முழுகிக் கிடக்கிறது. தண்ணீரை இறைத்தால்தான் லிங்கத்தைப் பார்க்க முடியும். 1857-இல் அப்படி இறைத்து, ராமச்சந்திரத் தொண்டைமானின் ராணி கும்பிட்டார் என்று பக்கத்திலேயே கல்வெட்டு இருக்கிறது. வடக்கே சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்த வருஷத்தில், எங்கள் சமஸ்தானத்தில் சுனை இறைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் வெட்கம் ஒன்றுமில்லை. எது சுலபமான வேலை என்பதை இந்தச் சுனைக்கரையில் நின்று பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

"நாமளும் இறைச்சுப் பார்ப்போமா?" என்றான் மகன்.

"ராணி கும்பிட இறைச்சாங்க. நீ குளிக்கவா இறைக்கப் போறே?" என்று முடித்துவிட்டார் அம்மா. மைத்துனன் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டான், பொத்தானை மாற்றி.

வந்ததற்கு மேலே விஜயாலய சோழீச்சரத்தையாவது பார்ப்போம் என்று ஏறினோம். மேற்குப் பார்த்த கற்கோயில்; வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். பெயரில் சோழர் இருந்தாலும் எடுப்பித்தவர் சாத்தன் பூதி என்ற முத்தரையர். அது மழையில் இடிந்து போனதால் மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்று கல்வெட்டுச் சொல்கிறது. இதைக் கேட்டதும் மைத்துனன் நிமிர்ந்தான். "மழையா? இந்த ஊர்லயா? கோயில் இடியிற அளவுக்கா?" ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டியவன், ட்யூப்போடு இப்போது வந்து நிற்கிறான்.

எதிரே பாறைக் குகையில் பன்னிரண்டு திருமால் சிற்பங்கள், சுவரோரமாக அடுத்தடுத்து. ஏறக்குறைய ஆள் உயரம். "ஏன் எல்லாரும் வரிசையா நிக்கிறாங்க?" என்றாள் மகள். "தண்ணி லாரி வருதா என்னவோ" என்றான் மைத்துனன். அம்மா பார்த்த பார்வையில் அவன் மறுபடியும் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டான்.

புளியோதரை பிரமாதம். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

திரும்பும்போது சாலையோரக் கொல்லை ஒன்றில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் வாய் நிறைய வெள்ளையாகத் தண்ணீர், தொட்டியில் விழுந்து வழிந்து வாய்க்காலுக்குப் போனது. சோப்புப் போடாமல் குளிப்பதானால் குளியுங்கள் என்றார் கொல்லைக்காரர். அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டார். முழங்கால் வலி எந்த வழியாகப் போனதென்று தெரியவில்லை. பிள்ளைகள் பின்னாலேயே குதித்தார்கள். பிறகு என் மனைவி, பிறகு நான்.

மைத்துனன் மட்டும் கரையில் நின்றான். தொட்டியைவிட ட்யூப் பெரிதாக இருந்தது.

நார்த்தாமலைக்குப் போகிறவர்கள் குடிதண்ணீரும் குடையும் மறக்காமல் கொண்டுபோங்கள். வயதானவர்கள் கூட வந்தால் ஒரு லாரி ட்யூப்பும் தேவைப்படும். எங்கள் வீட்டுப் பரணில் ஒன்று சும்மாதான் கிடக்கிறது, தண்ணீர் படாதது.