அடுத்த அலை வருமுன்

‘பிளான்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸ்’ 2009-இல் வந்தபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். அந்த விளையாட்டில் வெயில்தான் காசு. 50 வெயிலுக்கு ஒரு சூரியகாந்தி நடலாம். அது அவ்வப்போது 25 வெயில் தரும். ஒரு நிமிடத்துக்குள் போட்ட முதல் கைக்கு வந்துவிடும். பட்டாணி சுடும் செடிக்கு 100. அதற்குள் முதல் ஜாம்பி புல்தரையில் கால் வைத்திருக்கும். இன்னொரு சூரியகாந்தியா, பட்டாணியா? ஆட்டத்தின் உயிரே இந்தக் கேள்விதான்.

சாதா ஜாம்பி 10 பட்டாணியில் விழும். தலையில் கூம்பு மாட்டியவனுக்கு 28 வேண்டும். ஆனால் கூம்பு தூரத்திலேயே தெரியும். கட்டம் தொடங்குமுன்பே தெருவில் யார் யார் காத்து நிற்கிறார்கள் என்று காட்டிவிடுவார்கள். விளையாட்டை உருவாக்கிய ஜார்ஜ் ஃபேனிடம் எனக்கு மிகவும் பிடித்த நேர்மை அது: வரப்போவதைச் சொல்லிவிட்டு, யோசிக்க அவகாசமும் தருவார். பெருங்கூட்டம் வருகிறது என்று சிவப்பு எழுத்து தோன்றியதும் தம்பி நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான். “அண்ணா, மூணாவது வரிசை காலி!” ஜெயித்தாலும் தோற்றாலும் அது நாங்கள் போட்ட கணக்கு.

2013-இல் இரண்டாம் பாகம் போனுக்கு வந்தது, இலவசமாக. அப்போது நெருக்கடி முற்றினால் நாணயம் கொடுத்து, ஜாம்பிகளின் தலையை விரலாலேயே கிள்ளி எறியலாம். நாணயம் தீர்ந்தால் நிஜப் பணத்துக்கு வாங்கலாம். சில செடிகளுக்கும் நிஜப் பணம்தான். மூளையைக் கசக்க வேண்டிய அதே கணத்தில் கடையைத் திறந்து வைத்துவிட்டார்கள். காசு கொடுத்தால் கலைந்துவிடும் கூட்டத்துக்கு முன்னால், சூரியகாந்தியை எங்கே நடுவதென்று யார் கவலைப்படுவார்கள்? அந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

பிறகு ஒருநாள் அக்கா மகன்தான் ‘வாம்பயர் சர்வைவர்ஸ்’ என்ற விளையாட்டைக் காட்டினான்.

“அடிக்கிறதுக்கு எந்த பட்டன்டா?”

“பட்டனே கிடையாது மாமா. அதுவா அடிக்கும். நீங்க மாட்டிக்காம ஓடுங்க.”

வௌவால், எலும்புக்கூடு என்று திரை கொள்ளாமல் வருகின்றன. 30 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். கொன்றவற்றிலிருந்து சிதறும் மணிகளைப் பொறுக்கி ஒரு நிலை உயர்ந்தால், எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். ஆயுதம் முதலிய சிலவற்றில் ஒன்றை நாம் தேர்ந்தெடுக்கலாம். ஆறு ஆயுதங்களுக்குத்தான் இடம். ஜாம்பி ஆட்டத்தின் இரண்டாம் பாகத்தில் தொலைந்துபோன அந்த அவகாசம் இங்கே இருந்தது.

இதைச் செய்த லூக்கா கலான்டே அதற்கு முன் சூதாட்ட விளையாட்டுத் தொழிலில் வேலை பார்த்தவர். புதையல் பெட்டி திறக்கையில் பொங்கும் ஒளியிலும் இசையிலும் சூதாட்ட எந்திரத்தின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். ஆனால் காசு போடும் துளைதான் இல்லை. பணம் கறக்கும் வித்தையை அருகிலிருந்து பார்த்தவர், 2022 டிசம்பரில் போனுக்குக் கொண்டுவந்தபோது இலவசமாகவே கொடுத்தார். விளம்பரமும் நாமாகக் கேட்டால்தான் வரும். மறு ஆண்டு ‘எல்டன் ரிங்’ போன்ற பிரம்மாண்டங்களைத் தாண்டி, பிரிட்டனின் பாஃப்டா சிறந்த விளையாட்டு விருது இதற்குக் கிடைத்தபோது எனக்குச் சொந்தத்தில் யாரோ ஜெயித்த மகிழ்ச்சி.

போன வாரம் மருமகனுக்கு ஐந்து ஆயுதம் சேர்ந்துவிட்டது. ஓர் இடம்தான் பாக்கி.

“பூண்டை எடுடா, கிட்டக்க எதுவும் அண்டாது” என்றேன்.

“முதல்ல அப்படித்தான் மாமா இருக்கும், போகப் போகப் பத்தாது. பைபிள்னா நம்மளச் சுத்திச் சுத்தி அடிக்கும்” என்று காரணங்களை அடுக்க ஆரம்பித்தான்.