சித்தன்னவாசலில் டிரவுட்டா?

கேள்வி: சித்தன்னவாசல் குகைக்கோயிலின் கூரை ஓவியத்தில் தாமரைக் குளத்தில் நீந்தும் மீன்கள், மலையோடை டிரவுட்டாக ஏன் இருக்கக்கூடாது? (வாசகர், புதுக்கோட்டை)

பதில்: இருக்கலாம், ஓவியருக்குப் பல நூற்றாண்டு முன்கூட்டியே செய்தி கிடைத்திருந்தால்! ஓவியம் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர மீனியலாளர் பிரான்சிஸ் டே முயன்று தோற்றதே 1863இல். வானவில் டிரவுட் அங்கே நிலைகொண்டது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். இமயமலையில் 'பனி டிரவுட்' உண்டே என்பீர்கள். அது குலத்தில் கெண்டை. அசல் டிரவுட்டுக்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே முள்ளில்லாத குட்டிக் கொழுப்புத் துடுப்பு இருக்கும். பனி டிரவுட்டுக்கு அது கிடையாது. வானவில் இனமென்றால் விலாவில் இளஞ்சிவப்புப் பட்டையும் வால் முழுக்கக் கரும்புள்ளியும் தெரியும். பழுப்பு இனத்துக்கு வெளிர் வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள், வாலில் புள்ளி அநேகமாக இருக்காது. சாயம் மங்கிப் புள்ளிகள் மறைந்திருக்கலாமே என்று வாதாடுவீர்கள். சரி, சாயத்தை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கும் மீன் இது. யானையும் எருமையும் இறங்கிக் கலக்கும் தாமரைக் குளத்தில், அதுவும் புதுக்கோட்டை வெயிலில், பிடிப்பதற்கு முன்பே குழம்பாகியிருக்கும். வழக்கு தள்ளுபடி. டிரவுட்தான் பார்க்க வேண்டுமென்றால் ஊட்டிக்கு பஸ் ஏறி, அவலாஞ்சி மீன் பொரிப்பகத்துக்குப் போங்கள்.