ஸ்டுட்கார்ட் அண்ணாச்சி

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகரில் வந்திறங்கும் கூட்டத்தில் இவரைக் கண்டுபிடிக்க அடையாள அட்டை தேவையில்லை. செருப்புக்குள் சாக்ஸ் போட்டிருப்பார். சாலையில் ஒரு வண்டிகூட இல்லாவிட்டாலும் சிகப்பு விளக்குக்கு மரியாதை கொடுத்து நிற்பார். அவரைச் சுற்றிக்கொண்டு ஊரே கடந்து போகும். "ஸ்டுட்கார்ட்லேருந்து எப்பய்யா வந்தே?" என்று பருப்பு மண்டி மாமா கேட்டால், பதிலுக்கு முன்னால் திருத்தம் வரும்: "ஷ்டுட்கார்ட், மாமா."

"எந்த கார்ட்டா இருந்தா என்ன, சாப்பிட்டியா?"

அமெரிக்கா போய் வந்தவர்களை நமக்குப் பழக்கம். தூசி என்பார்கள், தண்ணீர் பாட்டில் கேட்பார்கள், பத்து நாளில் போய்விடுவார்கள். ஆபத்தில்லாத பிராணிகள். ஜெர்மனி போனவர் அப்படியில்லை. ஊரைக் குறை சொல்லவே மாட்டார், திருத்த இறங்கிவிடுவார். வந்த மறுநாளே அடுப்படியில் மூன்று குப்பைத்தொட்டி வந்து உட்காரும்: காகிதத்துக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, காய்கறித் தோலுக்கு ஒன்று. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் ஒன்றில் முண்டு வத்தல் இருக்கும், இன்னொன்றில் உளுந்து. "நல்ல மூடிய்யா, எறும்பே வரலை" என்பார் அம்மா.

வீட்டுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று ஒரு நாளைக்கு இரண்டு தடவை எல்லா ஜன்னலையும் பத்து நிமிஷம் அகலத் திறந்து வைப்பது ஜெர்மானியர்களின் குலவழக்கம். வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்கிறவர்கள் உண்டு. அந்தக் குளிருக்கு அது சரி. இவர் அதைப் பங்குனி மாதம், பகல் ஒரு மணிக்கு, விருதுநகரில் செய்வார். முகூர்த்தம் ஒன்பது முதல் பத்தரை என்று பத்திரிகையில் போட்டிருந்தால் எட்டே முக்காலுக்கு மண்டபத்தில் இருப்பார். அவரும் நாதஸ்வரக்காரரும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"காமராஜர் 1966ல ரஷ்யாவுக்கே போனார். போன வேட்டி சட்டையோடதான் திரும்பி வந்தார்" என்று மாமா குத்திக் காட்டுவார். அண்ணாச்சிக்குக் கோபம் வராது. "அவர் போயிட்டு வந்தார் மாமா. நான் போயிட்டேன்" என்பார். இப்படிச் சில சமயம் அவர் நன்றாகத்தான் பேசுவார்.

போவது ஒன்றும் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு 1923இல் திரும்பினார்கள். மழை ஏமாற்றுகிற கரிசல் காட்டில் தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆலை, அச்சாபீஸ் என்று எல்லாம் அதன்பின் வரிசையாக வந்தவை. முதலில் அவர்கள் தருவித்த தீப்பெட்டி இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவைதான். அச்சாபீஸ்களில் இன்றைக்கும் ஹைடல்பெர்க் என்பது மெஷினின் பெயர். அப்படி ஒரு ஊர் இருப்பது சிவகாசிப் பிள்ளைகளுக்குப் பின்னால்தான் தெரியவரும். அண்ணாச்சி ஜெர்மனி போன முதல் வருஷம் அலுவலக நண்பர்கள் அவரை அந்த ஹைடல்பெர்க்குக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். எல்லோரும் ஆற்றங்கரையில் நின்று மலைமேல் இருக்கும் கோட்டையைப் படம் பிடித்தார்கள். இவர் மட்டும் "மெஷின் கம்பெனி எங்கிட்டு இருக்கு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கம்பெனி வாசலில் நின்று எடுத்த படம் சிவகாசியில் சித்தப்பாவின் அச்சாபீஸில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

மொழி படித்த கதையை அவரே விலாவாரியாகச் சொல்வார். ஏ ஒன்று, ஏ இரண்டு, பி ஒன்று என்று படி ஏறினார். இலக்கணம் அவரை ஒன்றும் செய்யவில்லை. மேசை ஆண்பால், கதவு பெண்பால் என்றால் சரி என்று ஒப்புக்கொண்டார். எண்களில்தான் மனம் உடைந்தது. எழுபத்து நான்கை அவர்கள் 'நாலும் எழுபதும்' என்கிறார்கள். மூன்று தலைமுறையாக மண்டிக் கணக்கு எழுதிய வீட்டுப் பிள்ளைக்கு இது எப்பேர்ப்பட்ட அடி! "இவங்களைக் கல்லாவுல உட்கார வச்சா ஒரே மாசத்துல கடை போண்டியாயிரும் அப்பத்தா" என்று ஊருக்குப் போன் போட்டு அழாத குறை. அப்பத்தா அசரவில்லை. "கார் செஞ்சு விக்கிறான்ல? கணக்கு தெரியாமலா விக்கிறான்? நீ ஒழுங்காப் படி."

படித்து முடித்துத் தெருவில் இறங்கினால், வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஜெர்மன் அங்கே நடமாட்டத்தில் இல்லை. ஸ்டுட்கார்ட் இருப்பது ஷ்வாபிய நாட்டில். அவர்கள் பேச்சு தனி. வீடு, ரொட்டி, குழந்தை என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பின்னால் செல்லமாக ஒரு 'லே' போடுவார்கள். அண்ணாச்சிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வகுப்பு ஜெர்மனை மூட்டை கட்டி வைத்துவிட்டு அந்த 'லே'யைப் பிடித்துக்கொண்டார். இப்போது பெர்லின்காரர்களுக்கு இவர் பேசுவது பாதி புரியாது. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

இவர் வெள்ளைக்காரனாக மாறிவிட்டார் என்று ஊரில் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவருடைய தாத்தாவை நான் பார்த்திருக்கிறேன். வந்த கடித உறையைப் பிரித்துத் திருப்பி ஒட்டி மறுபடி அனுப்புவார். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் தெருவுக்கே கேட்கும்படி ஏசுவார். எட்டு மணிக்குக் கடை என்றால் எட்டுக்குக் கடை. சிரித்துப் பேசுவது தீபாவளிக்குத் தீபாவளி. ஜெர்மனியிலேயே கஞ்சத்தனத்துக்கும் உழைப்புக்கும் வீடு கட்டும் வெறிக்கும் பேர்போனவர்கள் இந்த ஷ்வாபியர்கள். மற்ற ஜெர்மானியர்கள் இவர்களை வைத்துத் துணுக்கு எழுதுகிற அளவுக்கு! அண்ணாச்சி அங்கே போய் எதையும் புதிதாகக் கற்கவில்லை. காலமான தாத்தா ஊர் முழுக்க உலாவுவதைக் கண்டு காலில் விழுந்துவிட்டார், அவ்வளவுதான்.

அங்கே அடுக்குமாடிகளில் 'கேர்வோகே' என்று ஒன்று உண்டு. படிக்கட்டும் நடைபாதையும் பெருக்குவது வாரத்துக்கு ஒரு வீட்டு முறை. யார் வாரமோ அவர்கள் கதவில் ஒரு பலகை தொங்கும். புதிதாகப் போன சென்னைப் பையன்கள் அந்தப் பலகையைப் பார்த்ததும் வேறு வீடு தேடுவார்கள். காம்பவுண்டு வீட்டில் கிணற்றடியை முறை வைத்துக் கழுவிய குடும்பம் இவருடையது. பலகையை இரண்டு கையாலும் வாங்கினார். திருச்சபைக்கென்று வருமான வரியோடு சேர்த்துச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று உடன் வேலை செய்பவர் புலம்பியபோது, "எங்க ஊரில் அதுக்கு மகமைன்னு பேர்" என்றார். கடைக்குக் கடை மகமை, வீட்டுக்கு வீடு பிடியரிசி என்று வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர். 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலாவில்தான் காமராஜர் படித்தார். இதையெல்லாம் விளக்கி, புலம்பியவருக்கே நாலு புத்தி சொல்லி அனுப்பினார். உறவின்முறைக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நினைப்பு.

பயறும் ஷ்பெட்ஸ்லேயும் அங்கே வீட்டுக்கு வீடு சமையல். மாவைத் துளைபோட்ட அச்சில் பிழிந்து வெந்நீரில் விழவைத்து, பயற்றுக் குழம்போடு சாப்பிடுவார்கள். காரம் என்பது பெயருக்குக்கூடக் கிடையாது. அண்ணாச்சி சாத்தூர் சேவை ஒரு கை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுகிறார். கலாச்சார இணைப்பில் அவர் சொந்தமாகச் செய்த சேர்மானம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இனி டிசம்பர் 31க்கு வருவோம். ஜெர்மனியில் பட்டாசு விற்பது வருஷக் கடைசியில் மூன்றே நாள். சாதாரண ஜனங்கள் வெடிக்கலாம் என்பது டிசம்பர் 31, ஜனவரி 1 மட்டும். ராக்கெட், வெடி எல்லாம் பதினெட்டு வயது ஆனவர்களுக்கே. 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் விற்பனைக்கே தடை. அப்போது அண்ணாச்சி சிவகாசிக்குப் போன் செய்து, "கவலைப்படாதீங்க சித்தப்பா, இங்கயும் தடைதான்" என்று ஆறுதல் சொன்னார். 2018இல் சுப்ரீம் கோர்ட் ராத்திரி எட்டிலிருந்து பத்து வரைதான் தீபாவளி என்று சொன்ன நாளிலிருந்து கோர்ட் தீர்ப்பைப் படித்தே நரைத்துப்போன சித்தப்பாவுக்கு இதில் என்ன ஆறுதல் கிடைத்ததோ தெரியாது.

தடை நீங்கிய வருஷம் அடுக்குமாடிக்காரர்கள் எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். அண்ணாச்சியின் சொந்த ஊர் எது என்பது அதற்குள் பரவிவிட்டிருந்தது. இந்தியாவின் பட்டாசில் பெரும்பங்கு செய்கிற மாவட்டத்துக்காரர் நம் மாடியில் இருக்கும்போது வேறு யார் பற்றவைப்பது? கீழ்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் பயபக்தியோடு தீப்பெட்டியை நீட்டினார். உண்மை என்னவென்றால் அண்ணாச்சி தன் வாழ்நாளில் கம்பி மத்தாப்புக்கு மேல் எதையும் தொட்டதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் அப்படித்தான். ஆனால் தாய்மாமா வெடி ஆலையில் போர்மேன். விதிகள் முழுக்க மனப்பாடம். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது, இரும்புச் சாமான் கூடாது, வாசலில் தண்ணீர், மணல் வாளி. பக்கத்தூர் ஆலைக்கு ஆம்புலன்ஸ் ஓடுகிற சத்தம் கேட்டால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் எழுந்து நிற்கும் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அவர். விதியை ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று மாமா கேலி செய்யும்போது நான் சிரிப்பதில்லை.

முதலில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். சேவல் இருக்கிறதா, மயில் இருக்கிறதா என்று தேடினார். சீனாவில் செய்தது என்று இருந்தது. ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. பிறகு பெட்டியில் இருந்த எச்சரிக்கை வாசகம் முழுவதையும், கால்புள்ளி விடாமல், உரக்க வாசித்தார். உச்சரிப்பில் ஒருவரும் குறை காணவில்லை. அடுத்து இரண்டு வாளி கேட்டார், வந்தது. அதன்பின் கூட்டத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பருத்தித் துணி உடுத்தியவர்கள் மட்டும் அருகில் வரலாம் என்றார். வெளியே தண்ணீர் உறைகிற குளிர். அத்தனை பேரும் போட்டிருந்தது நைலான் ஜாக்கெட். ஒரு விதியைக் கேட்டு ஜெர்மானியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது அன்றைக்குத்தான் என்பது அண்ணாச்சியின் கூற்று. தபால்காரர் மட்டும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பருத்திச் சட்டையோடு நடுங்கிக்கொண்டே முன்னால் வந்தார். ஊர் முழுக்க வெடித்து ஓய்ந்தபின், பன்னிரண்டரைக்கு, காலி பாட்டிலில் நிறுத்திய முதல் ராக்கெட் மேலே போயிற்று. விடிந்ததும் முற்றமெல்லாம் காகிதக் குப்பை. பெருக்குகிற பலகை யார் கதவில் தொங்கியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குடியுரிமைத் தேர்வில் 33 கேள்வி. பதினேழுக்குச் சரியாக எழுதினால் போதும். இவர் 33ம் எழுதினார். ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டும், நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அம்மாவிடம் பக்குவமாகச் சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் உளுந்தைப் புடைத்துக்கொண்டே இருந்தார். "பங்குனிப் பொங்கலுக்கு வர விசா கேப்பாகளாய்யா?" என்றார். அதற்குத் தனி அட்டை தருவார்கள், கேட்க மாட்டார்கள் என்றார் இவர். "அப்ப சரி. அக்னிச்சட்டி நேந்திருக்கேன், மறந்துராதே."

இந்த வருஷம் தங்கை மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்கச் சிவகாசிக்குப் போனார். சித்தப்பாவின் அச்சாபீஸில் பத்திரிகைக் கட்டைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பையன், "அங்கிட்டு ஃபேனுக்கு அடியில உக்காருங்கண்ணே, லேமினேஷன் காயணும்ல" என்றான். பேச்சுக் கொடுத்தால் ஒடிசா, கஞ்சாம் மாவட்டம். அண்ணாச்சிக்குத் தன்னைப்போலவே ஊர்விட்டு ஊர் பிழைக்கும் தொழில் பார்க்கிறவரைக் கண்ட சந்தோஷம்.

"தமிழ் எந்த லெவல் முடிச்சிருக்கே?"

"லெவலாண்ணே? முதல் வருசம் முதலாளி ஏசினதுல பாதி வந்துச்சு. மீதி டீக்கடைல."

விடுவாரா இவர்? தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி உண்ணாவிரதம் இருந்து உயிர் விட்டவர் யார், எந்த வருஷம் என்று ஒரு கேள்வி போட்டார். "சங்கரலிங்கனார், 1956. நாங்கதான போஸ்டர் அடிக்கோம்" என்றான் பையன். வாசிக்கக் கற்றது முழுக்கத் தினசரிக் காலண்டர் தாளில் என்பதால் அவனுக்கு நட்சத்திரம், திதி, சூலம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அண்ணாச்சிக்கு அன்று என்ன கிழமை என்பதே போனைப் பார்த்தால்தான் தெரியும்.

"பத்திரிகை நாளைக்கு எத்தனை மணிக்கு வாங்க வாரீக?"

"மூன்றரை. டெர்மின் போட்டுட்டேன்" என்று போனில் குறித்து வைத்த நேரத்தைக் காட்டினார் அண்ணாச்சி.

"நாளைக்குச் செவ்வாக்கெழமைண்ணே. மூணுலேருந்து நாலரை ராகுகாலம்."

நேரம் என்றால் நேரம் என்று அண்ணாச்சி மறுநாள் சரியாக மூன்றரைக்கு அச்சாபீஸில் போய் நின்றார். பையன் அவருக்கு ஒரு கலர் வாங்கிக் கொடுத்து, ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தான். கட்டு மேசைமேல்தான் இருந்தது. நாலு முப்பத்தொன்றுக்கு எடுத்துக் கொடுத்தான்.