தாய்மாமன் ஸ்க்ரூஜ்

ஹூயிக்குச் சிவப்புத் தொப்பி, டூயிக்கு நீலம், லூயிக்குப் பச்சை என்பதெல்லாம் கலர் டிவி இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். 1990களின் ஞாயிற்றுக்கிழமைகளில் தூர்தர்ஷன் ‘டக்டேல்ஸ்’ தொடரை இந்தியில் போட்டபோது, எங்கள் தெருவில் பலரும் கறுப்பு வெள்ளைப் பெட்டியில்தான் பார்த்தோம். மூன்று வாத்துப் பையன்களும் ஒரே சாம்பல் நிறத் தொப்பியில், ஒரே குரலில், ஒருவன் தொடங்கிய பேச்சை இன்னொருவன் முடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. அதனாலேயே கதையை அவரவர் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டு, மறுநாள் பள்ளிக்கூடத்தில் யார் கதை சரி என்று மணி அடிக்கும்வரை சண்டை போட முடிந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு திங்கட்கிழமை இருந்திருக்கும்.

மொழியே வேண்டாமல் புரிந்தது ஸ்க்ரூஜ் மாமாவின் கஞ்சத்தனம். பணக்கிடங்கின் உச்சிப் பலகையிலிருந்து அவர் தலைகீழாகப் பாய்வதும், காசுக்குள் முங்கி நீந்துவதும், கண்ணாடிக் கவிப்புக்குள் மெத்தைமேல் வைத்திருந்த முதல் காசைக் கண்கொட்டாமல் பார்ப்பதும் போதும். கிளாஸ்கோவில் சிறுவனாக ஷூ துடைத்துச் சம்பாதித்த காசு அது. டொனால்ட் டக் கடற்படைக்குப் போகும்போது பிள்ளைகளை அவரிடம் விட்டுப்போனான். டொனால்டுக்கு அவர் தாய்மாமன், பிள்ளைகளுக்கு டொனால்ட் தாய்மாமன், இந்த உறவுமுறையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதே இல்லை.

1947இல் கார்ல் பார்க்ஸ் முதன்முதலில் வரைந்த ஸ்க்ரூஜ், யாரையும் பிடிக்காமல் பெரிய மாளிகையில் தனியே கிடந்த சிடுமூஞ்சிக் கிழவர். 1987 தொடர் அவரைக் கனிய வைத்தது. அதில் 100 அத்தியாயங்கள், ஒவ்வொன்றிலும் கஞ்சத்தனம் சிரிக்க மட்டுமே இருந்தது, அதனால் யாரும் பெரிதாக எதையும் இழக்கவில்லை.

2017இல் தொடங்கி 2021வரை வந்த புதிய ‘டக்டேல்ஸ்’ தொடரை என் அக்கா மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். மூன்று பிள்ளைகளுக்கும் ருஸ்ஸி டெய்லர் என்ற ஒரே பெண்மணி குரல் கொடுத்த காலம் போய், இப்போது ஆளுக்கொரு நடிகர், ஆளுக்கொரு குணம். லூயிக்குக் காசாசை, ஒரு நாள் மாமாவின் முதல் காசையே எடுத்து மெஷினில் போட்டுக் குளிர்பானம் வாங்கிவிடுகிறான். பதறிப் போய்த் தேடி அலைந்த பிறகு தெரிகிறது, காட்சிக்கு இருந்தது போலி, அசல் காசு கயிற்றில் கோத்து எப்போதும் ஸ்க்ரூஜின் கழுத்திலேயே தொங்குகிறது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. கஞ்சத்தனத்தையோ அவருடைய கம்பெனியின் கழுகு இயக்குநர்களிடம் கொடுத்துவிட்டார்கள். அவர்கள்தான் செலவுக்குக் கணக்குக் கேட்கிறார்கள், ஸ்க்ரூஜ் எரிச்சலோடு பதில் சொல்கிறார்.

அவருக்குக் கொடுத்த குறை வேறு. டொனால்டின் கூடப்பிறந்த இரட்டையும் பிள்ளைகளின் அம்மாவுமான டெல்லாவுக்காக, டொனால்டுக்குத் தெரியாமல் ஒரு ராக்கெட் கட்டுகிறார். முட்டைகள் பொரிவதற்கு முன்பே அவள் அதில் ஏறிப் பறந்து, விண்வெளிப் புயலில் தொலைந்துபோகிறாள். தேடித் தேடிக் கிட்டத்தட்ட மொத்தச் செல்வத்தையும் கரைக்கிறார். டொனால்ட் பத்து வருஷம் பேசவில்லை. மலைமுகட்டில் மோதித் தள்ளாடும் விமானத்துக்குள் பிள்ளைகள் ‘அம்மாவுக்கு என்ன ஆச்சு’ என்று கேட்கும்போது, கடைசியில் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது; அவர்கள் அவரை விட்டுப் போகிறார்கள், மாளிகையில் பழைய பார்க்ஸ் கிழவராகவே அவர் மிஞ்சுகிறார். அவரிடம் நாங்கள் கொண்டாடிய துணிச்சல்தான், சாகசம் என்றால் ஒருவரையும் கேட்காமல் கிளம்பும் அந்தக் குணம்தான், குடும்பத்தை உடைத்தது என்று குழந்தைகளுக்கான கார்ட்டூனில் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். எங்கள் தலைமுறைக்குக் கிடைத்ததைவிட இது பெரிய கதை, ஆழமான கதை.

ஆனாலும் அந்தப் பழைய கஞ்சனுக்காக என் மனசு ஏங்குகிறது. ஒரு காசு உருண்டாலே பின்னால் ஓடியவர் அவர், செலவைப் பார்த்தாலே வயிறெரிந்தவர் என்றெல்லாம் அக்கா மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு, “அப்ப அவர் ராக்கெட்டே கட்டியிருக்க மாட்டார் இல்ல மாமா? டெல்லா தொலைஞ்சே போயிருக்க மாட்டாங்களே” என்றாள்.

கணக்கு சரிதான். ஆனால் பழைய ஸ்க்ரூஜின் வீட்டுக்கு டெல்லா ஒருமுறைகூட வந்ததில்லை. அந்தப் பிள்ளைகளின் அம்மா எங்கே என்று எங்களில் யாரும் கேட்டதுமில்லை.