மெத்தைய எங்க போட்டிருக்கே மாப்ளே?

வா மாப்ளே, இந்தத் திண்ணையில குந்து. புளி யாவாரம் பண்ணப் போறன்னு போன பொங்கல்ல இருந்து சொல்லிக்கிட்டிருக்கே. ஏண்டா இன்னும் கிளம்பலன்னு கேட்டா, "மாமா, மாரியப்பன் தாண்டறதப் பார்த்துத் தெம்பு ஏத்திக்கறன்"ங்கறே. அவரு 2016-ல ரியோ பாராலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதல்ல தாண்டினாரு. உன் செல்லுல தினம் ராத்திரி மறுபடி தாண்டறாரு. பாவம், அவருக்கும் களைப்பா இருக்கும், விட்டுடு.

பார்க்கறதுன்னா முழுசாப் பாரு. நம்ம தொப்பூர் கணவாய் இறங்கினா அவரு ஊரு, பெரியவடகம்பட்டி. அஞ்சு வயசுல பள்ளிக்கூடம் போறப்ப பஸ்சு ஏறி வலது கால் நசுங்கிப்போச்சு. அம்மா காய்கறி வித்தவங்க. வைத்தியத்துக்கு 3 லட்சம் கடன் வாங்கினாங்க. கால் திரும்பல, கடன் மட்டும் நின்னுச்சு. நீ பேங்க் வாசப்படி பார்த்தாலே கை நடுங்குதுங்கறே. உன் கடனுக்கு எதிர்ல புளி மூட்டையாவது கிடக்கும்டா.

இன்னொண்ணு, நீ தங்கத்த மட்டுந்தான் பார்க்கறே. ரியோவுல 1.89 மீட்டர், தங்கம். 2021-ல டோக்கியோவுல 1.86, வெள்ளி. 2024-ல பாரீசுல 1.85, வெண்கலம். மூணுக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை. டோக்கியோவுல மழை வேற. கால்ல போட்டிருந்த சாக்ஸ் நனைஞ்சு ஊறிப்போச்சு. உப்பு விக்கப் போனா மழை பெய்யுமுன்னு நாம சொல்றது ஜப்பான்லயும் செல்லுபடியாகுது பாரு. அதுக்காக அவரு பாதியில திரும்பிடல, வெள்ளிய வாங்கிக்கிட்டுத்தான் வந்தாரு.

அந்த ஆட்டத்தோட சட்டம் தெரியுமா உனக்கு? எடுத்த எடுப்புல கம்ப 1.89-ல வைக்க மாட்டாங்க. கீழ இருந்து ஏத்திக்கிட்டே போவாங்க. தொடர்ந்து மூணு தடவ தட்டிவிட்டா வெளிய. மத்தவங்க எல்லாம் தோத்த பின்னாடியும் ஜெயிச்சவன் "இன்னும் ஏத்து"ன்னு கேட்கலாம். கேட்டுக் கேட்டு, கடைசியில அவனும் கம்பத் தட்டிவிட்டுத்தான் பெரும்பாலும் ஆட்டத்த முடிப்பான். அப்பறம் எப்படிப் பயமில்லாம ஓடி வர்றான்? அந்தாண்ட மெத்த போட்டிருக்கு மாப்ளே. வீடியோவுல எவனும் அதப் பார்க்கறதில்ல.

நீ கம்ப எங்க வச்சிருக்கே? கொட்டை எடுக்க மெஷினு, பாக்கெட் போட மெஷினு, பைபாஸ்ல குடோனு, துபாய்க்கு ஏத்துமதி. சரி, மெத்த? உங்கம்மா கழுத்துச் சங்கிலி. பலே.

சின்னதா ஆரம்பிக்கறதுக்குக் கிரிக்கெட்டு ஆடற சின்னப்பம்பட்டி நடராஜன எடுத்துக்க, அவரும் மாரியப்பன் ஊருப் பக்கந்தான். 2015-ல ரஞ்சியில காலடி வச்ச உடனே, பந்து போடற கை சரியில்லன்னு புகாரு. கையத் திருத்திக்கிட்டு வந்தாரு. 2020 கடைசியில ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போனது எதுக்கு? நெட்டுல மத்தவங்களுக்குப் பந்து போட. போன இடத்துல மூணு வகை ஆட்டத்துலயும் இந்தியாவுக்கு இறங்கிட்டாரு. பிரிஸ்பேன் டெஸ்ட்டுல முதல் இன்னிங்சுலயே 3 விக்கெட்டு. நெட்டுல பந்து போட அவரு கூச்சப்படல. நீ என்னமோ பென்னாகரம் சந்தையில சாக்கு விரிச்சு உட்கார, "நான் இஞ்சினியரு மாமா"ங்கறே. இஞ்சினியரு குந்தினா சாக்கு கிழிஞ்சிடுமா?

ரெண்டு மூட்டையில தொடங்குடா. நம்ம தெருப் பொம்பளைங்க வருசா வருசம் புளி தட்டறவங்கதான். கூலியக் கையோட குடுத்தா கொட்டை, நார் இல்லாம சுத்தமா எடுத்துத் தருவாங்க. அரைக் கிலோ, கால் கிலோவா கட்டு. சின்ன யாவாரத்துக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வருசத்துக்கு 100 ரூபாதான், உன் நெட்டு கார்டு செலவுல பாதி கூட ஆகாது. வித்துச்சுன்னா அடுத்த தடவ அஞ்சு மூட்டை. விக்கலையா, ரெண்டு வருசத்துக்கு உங்க வீட்டு ரசத்துக்காச்சு. அதெல்லாம் தாண்டி வந்தப்பறம் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் மானியக் கடன் கேளு, மெஷின் வாங்கு, துபாய்க்கு அனுப்பு. நானே வந்து வழியனுப்பறன்.

மூட்டைக்கு எங்க போறதுன்னு முழிக்காத. நம்ம மரத்துப் புளி உள்ளதான் கிடக்கு. மாப்பிள்ளைங்கறதுக்காக விலை குறைக்க மாட்டன், சந்தை விலைதான். கடனும் கிடையாது. அந்தச் செல்ல ஜோப்புல போட்டுட்டு ஒரு பக்கம் புடி, எடை போட்டுடலாம்.