தனியாவா வந்தீங்க?

நம் ஊரில் ஒருவர் தனியாக நின்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கலாம், கடன் கொடுத்தவருக்குப் பயந்து ஒதுங்கி நிற்கலாம். சும்மா நிற்கிறேன் என்றால், வீட்டில் என்ன சண்டை என்றுதான் அடுத்த கேள்வி வரும். இதற்காகத்தான் நம்மவர் பைனாகுலர் வாங்கினார். அதைக் கழுத்தில் மாட்டியதிலிருந்து அவர் தனியாக நிற்கவில்லை, பறவை பார்க்கிறார். தை, மாசி முகூர்த்தங்கள் நெருக்கியடிக்கும் நேரத்தில்தான் செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளில் பறவைகளும் நிறைகின்றன. இயற்கையின் மேல் பக்தி வர வேறென்ன வேண்டும்?

வேடந்தாங்கலுக்கு மட்டும் போகமாட்டார். பள்ளிக்கூடச் சுற்றுலாக் கூட்டம் ஒரு பக்கம். பறவைகளே சரியில்லை என்பது அவர் கட்சி. நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் எல்லாம் ஒரே மரத்தில் கூடு கட்டி, பக்கத்துக் கூட்டின் குச்சியை உருவி, நாள் முழுக்கச் சச்சரவு. “இதுக்கு எங்க அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்குக்கே போயிருப்பேனே!”

அவருடைய இடம் பக்கத்திலுள்ள கரிக்கிலி. அது 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றபோது பறவை ஆர்வலர்கள் எல்லாரும் மகிழ்ந்தார்கள். இவருக்குச் சோறு இறங்கவில்லை. பெயர் வெளியே தெரிந்துவிட்டதே!

ஏழெட்டாகச் சேர்ந்து கத்தித் திரியும் தவிட்டுக்குருவியை அவர் குறிப்பேட்டில் சேர்ப்பதில்லை. சிறு மீன்கொத்திக்குத் தனி மரியாதை. பட்ட கிளையில் ஒற்றையாக உட்காரும். தன் எல்லைக்குள் இன்னொரு மீன்கொத்தி வந்தால் துரத்திவிடும். “பழகத் தெரிஞ்ச பறவை” என்பார், உண்மையான வியப்போடு.

கரையில் எப்போதாவது இன்னொரு பைனாகுலர் எதிர்ப்படும். இருவரும் சற்றுத் தள்ளியே நிற்பார்கள்.

“ஏதாவது?”

“சேற்றுப் பூனைப்பருந்து.”

“ம்.”

ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். பல வருஷச் சிநேகிதம் இது. பெயர் மட்டும் இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை.

தொல்லையெல்லாம் உள்ளூர்க்காரர்களிடம்தான். “சர்வேயா சார்? பைபாஸ் வருதா?” என்று பைக்கை நிறுத்துவார் ஒருவர். இல்லை, பறவை என்றால், “ப்ளாட் ரேட்டு எனக்கும் தெரியும் சார், சும்மா சொல்லுங்க” என்று கண்ணடிப்பார். அவரைச் சமாளித்து, கரையின் கோடிவரை நடந்து, ஆளரவமற்ற புளியமர நிழலில் நம்மவர் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோகும்போது, பக்கத்தில் துண்டை உதறி விரித்து உட்காருவார் ஆடு மேய்க்கும் பெரியவர்.

“பாவம், பேச்சுத்தொணைக்கு ஆளில்லாம ஒண்டியா குந்தினு இருக்கியேன்னு, ஆட்டப் பேரன்கிட்ட வுட்டுட்டு ஓடியாந்தேன் தம்பி. சொல்லு, எந்த ஊரு நீ? எத்தினி புள்ளைங்க?”